பூட்டுப் படக்காரனின் பின்னூட்டம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அது பிழை. மூக்கு நுனிக் கோபம் வந்த வேகத்தில் போய்விடும். என்னுடையது வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, படுத்து எழும்பி, ஆறுதலாகப் போகிற கோபம். யாராவது என்னைக் குத்திக் கதைத்தால் அந்த இடத்தில் நான் சிரிப்பேன். பிறகு மாதக்கணக்கில் கறுவிக்கொண்டு திரிவேன். பள்ளிக்கூடத்தில் என் கணக்குக் கொப்பியை எல்லோருக்கும் காட்டிச் சிரித்தவளை முப்பது வருடம் கழித்து மருதனார்மடம் சந்தையில் கண்டபோது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தரிக்காய் தெரிந்தெடுத்தேன். அவளுக்கு அது ஞாபகமே இராது. எனக்கு இருக்கிறது, அது போதும்.

இந்தக் குணத்தோடுதான் நான் ஒரு செயலி செய்து, அதை இணையத்தில் ஒரு தமிழ்த் தொழில்நுட்ப மன்றத்தில் போட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. ஆறு வீட்டு வெங்காயமும் மிளகாயும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கின்றன. கிணற்றடிக் கொட்டிலில் இறைக்கும் மிசின் ஒன்று. காலையில் ஒரு வீடு, பின்னேரம் ஒரு வீடு என்று மூன்று நாளைக்கு ஒருதரம் எல்லோருக்கும் முறை வரும். கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் கோயில் தேருக்கும் தீர்த்தத்துக்கும் மிசின் ஓடாது. ஒரு வீட்டில் செத்தவீடு நடந்தால் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடியும்வரை அந்த வீட்டார் கிணற்றடிக்கு வரமாட்டார்கள், மற்ற வீட்டார் தங்கள் முறையைத் தள்ளிவைத்து அவர்களின் பாத்திகளுக்கு இறைத்துக் கொடுப்பார்கள். இதெல்லாம் சேர்ந்து யாருக்கு என்றைக்கு என்பது சிக்கலாகிவிடும். கொட்டில் கதவில் வெண்கட்டியால் எழுதி வைப்போம். எழுதியதை விட நம்பிக்கையானது பெரியம்மாவின் தலை. என் அப்பாவின் தமையனின் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. விரல் மடித்து எண்ணி, அடுத்த மாதம் யாருக்கு எந்த நேரம் என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லுவார்.

நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். கணினிப் படிப்பு எதுவும் கிடையாது. இணையத்தில் காணொளி பார்த்துப் பார்த்து, ஒரு வருடம் மினக்கெட்டு, இந்த முறையை எல்லாம் தொலைபேசியில் காட்டும் செயலி ஒன்றைச் செய்தேன். ஆறு வீட்டுக்கும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் பாவித்துப் பார்ப்பது, பிறகு ஆறு வீடும் கூடி, செயலியா வெண்கட்டியா என்று முடிவெடுப்பது என்பது பேச்சு. பக்கத்து ஊர்க் கமக்காரர் இரண்டு கிணற்றுக்கு இதே மாதிரிக் கேட்டிருந்தார்கள். எங்கள் கிணறு ஓம் என்றால் அவர்களும் ஓம். நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாக என் கையால் ஒன்று உருவாகி ஊருக்குப் போகப் போகிறது. அந்தச் சந்தோசத்தில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மன்றத்தில் என் சொந்தப் பெயரோடு படங்கள் சேர்த்து எழுதினேன்.

முதல் நாள் எல்லாம் பாராட்டு. இரண்டாம் நாள் மதியம், வேலை செய்யும் கந்தோரில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்த பின்னூட்டம் இது. எழுதியவனுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் ஒரு ஆமைப்பூட்டுப் படம்.

"பார்க்க வடிவாக இருக்கிறது. ஆனால் இதை நம்பி ஒரு வாளி தண்ணீர்கூட இறைக்க முடியாது. செயலியை நடத்துபவர் உள்ளே போய் யாருடைய முறையையும் மாற்றலாம். யார் மாற்றினார், எப்போது மாற்றினார், முதலில் என்ன இருந்தது, ஒன்றுக்கும் பதிவு இல்லை. கதவில் வெண்கட்டியால் எழுதினால் கையெழுத்தைப் பார்த்தாவது ஆளைக் கண்டுபிடிக்கலாம். போன கிழமை ஒரு செத்தவீட்டுக்காக ஒரு வீட்டின் முறை கைமாறியது. அப்படி மாறிய சுவடே இதில் இல்லை. இது கிணற்றுக்குச் செய்த செயலி இல்லை. ஒரு ஆளின் கைக்குச் செய்த செயலி."

அதற்குக் கீழே ஊர்வலம் தொடங்கிவிட்டது. கனடாவில் இருந்து ஒருவர், அடிப்படை தெரியாமல் செய்தால் இப்படித்தான் என்றார். இன்னொருவர், பெண் செய்தது என்பதால் முதலில் எல்லோரும் தட்டிக்கொடுத்துவிட்டார்கள் போல என்றார். ஒரு வருடமாக நான் செய்ததை வாசிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட எடுத்திராது. பூட்டுப் படத்துக்கு விருப்பக் குறிகள் குவிந்தன. நான் சோற்றை மூடி வைத்தேன். நாலு பந்தியில் பதில் எழுதினேன். அதில் அவனுடைய தாய் தகப்பனையும் இழுத்திருந்தேன். அழித்தேன். பிறகு, "உங்கள் ஆலோசனைக்கு மிக்க நன்றி. கவனத்தில் எடுக்கிறேன்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கும்பிடும் கைப் படமும் போட்டேன். அந்தக் கும்பிடு போட எனக்கு எவ்வளவு வயிறு எரிந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அவன் சொன்னதில் எனக்கு உறைத்தது பதிவு இல்லை என்பதல்ல. நான் மாற்றுவேன் என்று நினைத்தானே, அதுதான். பாத்தியில் வெங்காயம் வாட வாட முறையை மாற்றி விளையாடுகிற ஆளா நான்? என்னைக் கள்ளி என்று சொல்லாமல் சொல்கிறான் என்றுதான் நான் வாசித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் பிடிபட்டது. செத்தவீட்டுக்காக முறை கைமாறியது பற்றி நான் மன்றத்தில் எழுதவே இல்லை. அது ஆறு வீட்டுக்கு மட்டும் தெரிந்த விசயம். அந்த ஆறு வீட்டில் இப்படி ஒரு மன்றத்தை எட்டிப் பார்க்கக்கூடிய ஆள் ஒருவர்தான். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணை. கணினி படித்தவர். கொழும்பில் இருந்துவிட்டு, இப்போது வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறார்.

நிச்சயப்படுத்த வேண்டுமே. அடுத்த நாள் கொழுக்கட்டை கொண்டு போனேன். அண்ணை மேசையில் கணினியைத் திறந்து வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். திரையின் மூலையில் அதே பூட்டு. துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவர் கொழுக்கட்டையை எடுத்துக் கடித்தார்.

"உன்ரை செயலி நல்லாயிருக்கு தங்கச்சி," என்றார். "அம்மாதான் போனைத் தொடமாட்டன் எண்டு நிக்கிறா."

"எனக்கு என்னத்துக்கு உது," என்று பெரியம்மா அடுப்படியில் இருந்து சொன்னார். "நான் எண்ணுவன்."

நான் சிரித்தேன். முகத்துக்கு முன்னால் நல்லாயிருக்கு, முதுகுக்குப் பின்னால் ஒரு வாளி தண்ணீர்கூட இறைக்க முடியாது. கொழுக்கட்டைப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேலியைக் கடக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன், அண்ணையை ஒரு கை பார்ப்பது என்று.

என்ன செய்யலாம் என்று யோசித்து வீணாக்கிய நேரமே இல்லை. அவரே சொல்லித் தந்திருந்தார். மாற்றினால் சுவடு இருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அதே கந்தோரில், அதே சோற்றுப் பெட்டிக்கு முன்னால் இருந்து, தொலைபேசியில் நாலு தட்டுத் தட்டிச் செய்து முடித்தேன். புதன் காலை பெரியம்மா வீட்டு முறை. வியாழன் காலை ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரருடையது. இரண்டையும் இடம் மாற்றினேன். சோழகக் காற்று உலர்த்தி எடுக்கிற காலம், வெங்காயம் விளையத் தொடங்கியிருந்தது, ஒரு நாள் பிந்தினாலும் ஆள் பதைப்பார். அண்ணை விடிய வந்து மிசினில் கை வைக்க வேண்டும். கடைசி வீட்டுக்காரர் ஏற்கெனவே இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். இவர் வாய் கொடுத்து நாலு பேருக்கு முன்னால் மூக்குடைபட வேண்டும். இதுதான் திட்டம். அன்று சோறு நன்றாக இறங்கியது.

புதன் காலை ஆறு மணிக்கு நான் பல் தீட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். மிசின் ஓடிக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு வந்தது அண்ணை இல்லை. பெரியம்மா.

"தம்பி, இண்டைக்கு என்ரை முறையெல்லோ?" என்று கடைசி வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இல்லை அக்கா. போனிலை நான் எண்டுதான் கிடக்கு. நாளைக்குக் காலமை நீங்கள்."

பெரியம்மா மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு விரல் மடித்து எண்ணினார். ஒருதரம். பிறகு மற்றக் கையில் இன்னொருதரம். "எனக்குப் புதன் எண்டுதான் வருது," என்றார். சத்தம் கேட்டு அண்ணையும் வந்துவிட்டார்.

"அம்மா பிழையா எண்ணமாட்டா."

"அப்ப போன் பிழையோ?" என்ற கடைசி வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர்தானே செய்தனீர். நீரே சொல்லும்."

வாயில் பற்பசை நுரை. துப்பிவிட்டுத்தான் பதில் சொன்னேன். "போனிலை இருக்கிறதுதான் சரி."

அண்ணை தன் தொலைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆரும் மாத்தினவையோ?" என்று கேட்டார்.

"ஆர் அண்ணை மாத்திறது?"

அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்னொரு வருடம் மினக்கெட்டிருப்பேன். அவருக்குச் சொல்ல வாய் உன்னியது. இதில் பதிவு இல்லை, நடத்துகிற ஆள் மாற்றலாம் என்று சொன்னால், மன்றத்தில் எழுதிய ஆள் அவர்தான் என்பது என் முன்னால் வெளிச்சத்துக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால் தாய் பிழை. அண்ணை தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்கோ அம்மா, நாளைக்கு இறைப்பம்," என்றார். நான் வீட்டுக்குள் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது இல்லையென்று சொல்லி என்ன பயன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை என்று சொல்லலாம். இரண்டு கிழமை கழித்து, செயலியின் நிறங்களை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, புதிய படங்களை மன்றத்தில் போட்டேன். பூட்டுப் படம் முதல் ஆளாக வந்து நின்றது. "நிறம் மாறியிருக்கிறது. பதிவு எங்கே?" இவ்வளவுதான். நாலே சொல். கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக.

இரண்டாம் முறையும் அதே நாலு தட்டு. இந்த முறை ஒரு பின்னேரம். வேலிக்கு இந்தப் பக்கத்தில் உடுப்புக் காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை அறைக்குள் வேலையில் இருந்தார், கதைக்கும் சத்தம் கேட்டது. பெரியம்மா மண்வெட்டியோடு கொட்டில் வரை வந்தார். மிசின் ஓடுவதைக் கண்டார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. விரலை மடிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். வெயிலில் அப்படியே சற்று நின்றார். பிறகு வந்த வழியே போனார்.

அவரைப் பார்க்க எனக்கு அப்போது பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அதைவிடப் பெரிதாக இருந்தது ஏமாற்றம். மூக்குடைபட வேண்டிய ஆள் குளிரூட்டிய அறைக்குள் இருந்து ஆங்கிலம் கதைத்துக்கொண்டிருக்கிறார் என்ற ஏமாற்றம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு வீடும் கொட்டிலடியில் கூடின. செயலியா, வெண்கட்டியா. அண்ணை எதிர்த்துக் கதைப்பார் என்று நான் மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் கதைத்தது பெரியம்மா.

"போனே இருக்கட்டும்," என்றார். "என்ரை தலை இனிச் சரிவராது. ரெண்டுதரம் பிழைச்சுப் போச்சு. உங்கள் ஒருத்தரின்ரை முறையையும் நான் குழப்பிப் போடக்கூடாது."

வயது போனால் அப்படித்தான் அக்கா என்று கடைசி வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். செயலி வென்றது. பக்கத்து ஊர் இரண்டு கிணறும் அடுத்த மாதமே சேர்ந்தன. நான் நினைத்ததெல்லாம் நடந்தது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் ஊற்றினேன், குடிக்க மனம் வரவில்லை, வெளியே கொட்டிவிட்டுப் படுத்தேன்.

அடுத்த கிழமையே பதிவைச் செய்து சேர்த்தேன். யார், எப்போது, முதலில் என்ன இருந்தது, எல்லாம் இனித் தெரியும். யாரும் அழிக்க முடியாது, நானும் முடியாது. ஆனால் அந்தப் பதிவு சேர்த்த நாளில் இருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியது எங்கேயும் இல்லை. மன்றத்தில் அறிவித்தேன். பூட்டுப் படம் எழுதியது: "இப்போது நம்பலாம். குறை சொன்னதை இப்படி எடுத்துக்கொண்டு திருத்துபவர்கள் குறைவு. வாழ்த்துகள்." கனடாக்காரரும் கை தட்டினார். பண்பானவர், பக்குவமானவர் என்று ஆளாளுக்கு என்னைப் புகழ்ந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்டேன்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் மன்றத்தில் ஒரு புதிய கேள்வி வந்திருந்தது. பூட்டுப் படம்தான் கேட்டிருந்தது.

"அம்மாவுக்கு மறதி தொடங்கியிருக்கிறது. நாள், கிழமை, நேரம் நினைவூட்டும் தமிழ்ச் செயலி ஏதும் இருக்கிறதா? எங்கள் ஊர்க் கிணற்று முறையை ஆறு வீட்டுக்கும் மனத்தில் வைத்திருந்தவர். இப்போது இரண்டுதரம் எண்ணிக்கை பிழைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் கேட்ட நாள், கிழமை எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தார். முதலில் எனக்கு, முறை காட்டும் செயலியில்தான் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம். அந்தச் செயலியை இங்கே குறை சொன்னவனும் நான்தான். ஆனால் அதைச் செய்தவரைச் சின்ன வயதில் இருந்து எனக்குத் தெரியும். கோபக்காரி. என் பெயரில் எழுதினால் மனம் நோவார் என்றுதான் பெயரில்லாமல் எழுதினேன். கோபக்காரியே தவிர அப்படி ஒரு வேலை செய்யமாட்டார். ஆகவே அம்மாவுக்குத்தான் ஏதோ தொடங்கிவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்."

கந்தோரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பின்னூட்டப் பெட்டியைத் திறந்து, "அண்ணை, நான்தான் மாற்றினேன்" என்று எழுதினேன். பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வீடு, இன்னும் இரண்டு கிணறு, கனடாக்காரர், எல்லோரும் என் முன்னால் வந்து நின்றார்கள். அழித்தேன். நினைவூட்டும் செயலிகள் மூன்றின் பெயரை எழுதி, பெரிய எழுத்தும் குரலும் உள்ளது முதலாவது, வயதானவர்களுக்கு அதுதான் சுகம் என்று விளக்கமும் போட்டேன். அன்றைக்கு அந்த மன்றத்தில் அதிக விருப்பக் குறி விழுந்தது என் பதிலுக்குத்தான். பூட்டுப் படம் நன்றி சொன்னது.

இரண்டு நாள் கழித்து, காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது பெரியம்மா வேலியடிக்கு வந்தார். கையில் தொலைபேசி. விழுந்துவிடும் என்று பயந்தவர்போல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"பிள்ளை, உன்னட்டைக் கேட்டுத்தான் இதைப் போட்டவனாம். இது சரியாத்தான் சொல்லுமே?"

"சொல்லும் பெரியம்மா."

"இண்டைக்குப் புதன் எண்டுது. பின்னேரம் இறைப்பெண்டுது."

"ஓம். சரி."

"எனக்கும் அப்பிடித்தான் வந்தது," என்றார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.